சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா? - வாசகர் கேள்விகள்

கேள்வி: பிரான்ஸ்ல, லியோன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். கூட படிக்கிற பையன் வீட்டுல ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு ரெட் ஒயின் வாங்கிட்டுப் போலாம்னு கடைக்குப் போனா தலையே சுத்துது. எதை வாங்குறது?

பதில்: தம்பி, ரொம்ப அலையவே வேணாம், உங்க ஊருக்கு நேர் வடக்கால இருக்கு பொஜொலேங்கிற ஒயின் வட்டாரம், அங்க பண்ற ஒயினுக்கும் அதே பேரு தான். ரோன், சோன்னு ரெண்டு ஆறு ஓடுற லியோனுக்கு மூணாவது ஆறு பொஜொலேன்னு அந்த ஊர்க்காரங்களே சொல்லுவாங்க. காமேங்கிற திராட்சையில பண்றது. 1395ல பர்கண்டி கோமகன் ஃபிலிப், இது கெட்ட செடி, துரோகி செடின்னு சொல்லி பிடுங்கிப் போட உத்தரவே போட்டாரு, ஆனா தெற்கே பொஜொலேயோட கருங்கல் மண்ணுல அதே செடி என்னமா வந்துச்சு பாருங்க!

லேபிள்ல பொஜொலேன்னு மட்டும் தேடாதீங்க. அங்க 10 இடங்களுக்குத் தனிப்பேரு உண்டு, நல்ல சரக்குல அந்தப் பேரு தான் பெருசா இருக்கும். கோழி ரோஸ்ட்டோ, சோசிசோன் மாதிரி உப்புல ஊறின பன்னி இறைச்சியோ வைப்பாங்கன்னா ஃப்ளூரி எடுங்க, பூ வாசம் அடிக்கும். ஒயின்லயே வேக வச்ச சேவல், மாட்டுக்கறின்னா மோர்கோன், அது இன்னும் கனமா இருக்கும்.

அப்புறம் ஒண்ணு, கிளம்புறதுக்கு அரை மணி முன்னாடி பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க. ரெட் ஒயினைக் குளிர வைக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, இதுக்கு 12லேருந்து 14 டிகிரி தான் சரி. லியோன்ல பூஷோன்னு சொல்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகள்ல இதை 46 சென்டிலிட்டர் பிடிக்கிற குட்டி பாட்டில்ல தருவாங்க, அடிப்பாகம் கண்ணாடி தடியா இருக்கும், மேல லேசா வேர்த்திருக்கும். ஒரு நாள் போய்ப் பாருங்க.

கேள்வி: பாரிஸ்ல இருக்கிறம். கணவரோட வேலை செய்யிறவர் ஒரு போர்தோ ரெட் ஒயின் கொண்டு வந்தவர். எங்கட ஆட்டிறைச்சிக் கறியோட குடிக்க ஒரே கசப்பும் எரிவுமாக் கிடந்தது. ஒயின் பழுதோ?

பதில்: இல்லம்மா, ஒயின்ல பழுது இல்ல, ஜோடி தான் தப்பு. போர்தோல டானின்னு சொல்ற துவர்ப்புச் சத்து ஜாஸ்தி, கடுந்தேயிலை மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும், அதுல மிளகாய்த்தூள் உறைப்பும் சேர்ந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு ஏத்தி விட்டுரும். பொஜொலேல இந்தத் தொல்லை கம்மி. ஏன்னா அங்க திராட்சையை நசுக்காம கொத்து கொத்தாவே தொட்டியில போடுறாங்க, அடியில இருக்கிறது கனத்துல நசுங்கி நொதிச்சு கரியமில வாயு நிரம்பிரும், மேல இருக்கிற பழம் முழுசா இருக்கும்போதே உள்ளுக்குள்ள நொதிக்க ஆரம்பிக்கும், அதனால தோல்லேருந்து டானின் அதிகமா இறங்காது, பழ வாசம் தூக்கலா நிக்கும். அடுத்த தடவை நல்லாக் குளிர வச்ச பொஜொலேயோட சாப்பிடுங்க, தூளை மட்டும் ஒரு கரண்டி குறைச்சுக்கங்க. ரொம்ப உறைப்பா வேணும்னா எந்த ரெட்டும் வேணாம்னு தான் நான் சொல்லுவேன்.

கேள்வி: நவம்பர்ல வாங்கின பொஜொலே நூவோ ரெண்டு பாட்டில் அலமாரில இருக்கு. வச்சிருந்தா ருசி ஏறுமா?

பதில்: ஏறாது. நூவோன்னாலே அந்த வருஷ அறுப்புல வந்த புது ஒயின், 1985லேருந்து நவம்பர் மூணாவது வியாழக்கிழமை தான் விக்க ஆரம்பிக்கிறாங்க. வெயில் காலம் வர்றதுக்குள்ள குடிச்சிரணும். வச்சுப் பழக்கணும்னு ஆசைன்னா, மேல சொன்ன 10 பேர்ல ஒண்ணான மூலான்-ஆ-வான் வாங்கி வைங்க, நல்ல வருஷத்துது 10 வருஷம் கூட தாங்கும். இப்ப இருக்கிற ரெண்டையும் இந்த வாரமே திறங்க, வேக வச்ச உருளைக்கிழங்கும் சூடா சாசேஜும் இருந்தாப் போதும்.