பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் கிளட்ச்: கேள்வி பதில்

முதல் இரண்டு தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்களை இன்றும் சிங்கப்பூரில் பேணி ஓட்டிவரும் அன்பர்கள் கிளட்ச் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 1989இல் வெளிவந்த முதல் தலைமுறைக்கும் 2005 வரை தயாரான இரண்டாம் தலைமுறைக்கும் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றே என்பதால், பெரும்பாலான பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி (ஈசூன்): ஐயா, காலையில் வண்டியை எடுக்கும்போது ரிவர்ஸ் கியர் கரகரவென்று உரசிக்கொண்டுதான் விழுகிறது. பெடலும் தளர்ந்து தரைவரை போகிறது. கிளட்ச் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பதைக் காட்டுகின்றன. எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்பதை அல்ல. இந்தக் காரில், திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் இரண்டே போல்ட்டுகளில் நிற்கிறது. அதன் முனையில் உள்ள ரப்பர் உறையை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. பிறகு பெடலுக்கு மேலே, மிதிக்கும் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டு வெளிவரும் இடத்தையும் தொட்டுப் பாருங்கள். கியர்பாக்ஸை இறக்காமலேயே இவை இரண்டையும் மாற்றலாம் என்பதால் செலவு பல மடங்கு குறையும். இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே என் பரிந்துரை. ஒன்றை மட்டும் புதிதாக்கினால், அதே வயதுடைய மற்றதும் விரைவில் கசியத் தொடங்குவது வழக்கம்.

தட்டு உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று அறிய, ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் நான்காம் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் சென்றபடி ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். வேகம் கூடாமல் எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. ஏறாவிட்டால் தட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (ஜூரோங்): என் காரில் வழுக்கல் உறுதியாகிவிட்டது. தட்டு மட்டும் மாற்ற ஒரு விலையும், "எல்லாவற்றையும்" மாற்ற ஏறத்தாழ இரட்டிப்பு விலையும் சொன்னார்கள். எதை ஏற்பது?

பதில்: கிளட்ச் வேலையில் பெரும்பகுதிச் செலவு உதிரிபாகத்துக்கு அல்ல, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் உழைப்புக்குத்தான். ஆகவே, அது தரையில் இருக்கும்போது அதன் பின்னால் மறைந்திருக்கும் எதையும் பழையதாக விட்டுவைக்கக் கூடாது. தட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாக மாற்றச் சொல்லுங்கள். எஞ்சினின் பின்புற ஆயில் சீலையும் கியர்பாக்ஸின் முன்புற சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். சீல்களின் விலை சொற்பம். ஆனால் அவை கசிந்து புதுத் தட்டில் எண்ணெய் ஏறினால், கார் நகரும்போதெல்லாம் குலுங்கும், மொத்த வேலையையும் மீண்டும் செய்ய நேரும். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் ஈரம் தென்பட்டால் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்: கந்தக வாடை வீசினால் அது கியர் எண்ணெய், இல்லாவிட்டால் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய்.

தட்டு அழுந்தி நிற்கும் எஞ்சின் சக்கரமான ஃபிளைவீலின் முகத்தை நீங்களே நேரில் பார்ப்பது நல்லது. நீல நிறத் திட்டுகள் இருந்தால் அது கடுமையாகச் சூடேறியிருக்கிறது. மெல்லிய மயிரிழை விரிசல்கள் இருந்தால் எவ்வளவு ஆழம் என்று பார்த்து, கடைந்து சமப்படுத்துவதா மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அப்படியே துடைத்துப் பூட்டிவிட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கியர் எண்ணெயையும் இப்போதே மாற்றிவிடுங்கள். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம் வேண்டும். ஜிஎல்-5 எண்ணெய்களில் சில, கியர் மாற்றும்போது சுழற்சி வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்களின் பித்தளையை அரிக்கக்கூடியவை. கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் உறை பெரும்பாலான பழைய கார்களில் கிழிந்திருக்கும், அதையும் கேட்டுப் பாருங்கள். இவை அனைத்தும் அந்த "எல்லாவற்றிலும்" அடங்குமானால், இரண்டாவது விலையே நியாயமானது. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): நியூட்ரலில் நிற்கும்போது கீச்சென்ற சத்தம் கேட்கிறது, பெடலை மிதித்தால் நின்றுவிடுகிறது.

பதில்: அப்படியானால் கியர்பாக்ஸின் உள்ளே, எஞ்சின் சுழற்சியை வாங்கும் தண்டைத் தாங்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): வாரந்தோறும் ஜோகூர் பாருவுக்குப் போய்வருகிறேன். கடற்பாலத்து நெரிசல் கிளட்ச்சைக் கெடுக்குமா?

பதில்: நெரிசலைவிட, அதில் பெடலைப் பாதி மிதித்தபடி அங்குலம் அங்குலமாக நகரும் பழக்கமே கெடுக்கிறது. முன்னால் இருக்கும் காரோடு ஒட்டிச் செல்லாமல், சற்று இடைவெளி உண்டாகும்வரை நியூட்ரலில் காத்திருந்து, முதல் கியரில் பெடலை முழுவதும் விட்டு நகர்ந்து, மீண்டும் நில்லுங்கள். இடையில் யாராவது புகுந்தால் புகட்டும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் காத்திருக்கும்போதும் காரைக் கிளட்ச்சால் தாங்கிப் பிடிக்காமல் கைப்பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (பொங்கோல்): புளோக்கின் கீழேயே நானும் என் தம்பியும் சேர்ந்து கிளட்ச் மாற்றும் வேலையைச் செய்துவிட முடியுமா?

பதில்: வேண்டாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் நிறுத்துமிடம் அதற்குரிய இடம் அன்று. மேலும் 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள கியர்பாக்ஸை ஜாக்குகளின் மேல் நிற்கும் காரின் அடியில் படுத்தபடி தாங்குவது உயிருக்கே ஆபத்து. இந்தக் காரில் கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று உண்டு; அதைக் கழற்றியபின் திரும்பப் பூட்டும்போது உயரத்தைக் கையேட்டின்படி அளந்து பொருத்தாவிட்டால் ஓட்டத்தில் அதிர்வு வரும். லிஃப்ட் உள்ள பட்டறையில் கொடுத்துவிட்டு அருகில் நின்று பாருங்கள். பழைய தட்டின் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழங்காலத் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): வாகன உரிமைச் சான்றிதழை 5 ஆண்டுகளுக்குத்தான் புதுப்பித்தேன். இன்னும் இரண்டு ஆண்டுகளே உள்ளன. இவ்வளவு செலவு செய்யலாமா?

பதில்: 5 ஆண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது என்பதால் உங்கள் தயக்கம் சரியானதே. 10 ஆண்டுக்குப் புதுப்பித்தவருக்கு நான் சொல்லும் பதில் வேறு. உங்கள் நிலையில் ஃபிளைவீல் நல்ல நிலையில் இருந்தால் கடைந்து பயன்படுத்துங்கள். புதிது வாங்க வேண்டாம். ஆனால் பேரிங்குகளிலும் சீல்களிலும் மிச்சம் பிடிக்காதீர்கள், அவை அந்த இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே திரும்ப வேலை வைக்கக்கூடும்.

கேள்வி (செங்காங்): புதுக் கிளட்ச் போட்டபின் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதல் சில நூறு கிலோமீட்டர் நகரச் சாலைகளில் மென்மையாக ஓட்டுங்கள், நின்று புறப்படும் ஓட்டமே தட்டும் ஃபிளைவீலும் ஒன்றோடொன்று படிய உதவும், விரைவுச்சாலையில் ஒரே வேகத்தில் செல்வது உதவாது. தொடக்கத்தில் லேசான வாடை வருவது இயல்பு. ஆனால் பெடலின் மேல்முனையில் சிறிதளவு வெற்று அசைவு இருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்துப் பட்டறையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் திரவத்தை, டாட் 3 அல்லது டாட் 4 மட்டுமே, நம் ஊரின் ஈரப்பதத்தை நினைத்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5ஐ ஒருபோதும் கலக்காதீர்கள்.