நுகர்வோர் கேள்வி-பதில்: ஸ்மார்ட் தண்ணீர் மீட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: பெரும்பாக்கத்தில் 64 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரித்து மெயின்டனன்ஸோடு வாங்குகிறோம். இரண்டு பேர் இருக்கும் வீடும் ஏழு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கட்டுவதால் கூட்டம் நடந்தாலே சண்டை. இப்போது ஒரு நிறுவனம் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் போட்டு, ஆப்பில் கணக்குக் காட்டுவதாகச் சொல்கிறது. போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் கொட்டேஷனில் 64 மீட்டர் என்று இருக்கிறதா, 256 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு ஒரு குழாய் வருவதில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒன்று, துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று எனத் தனித்தனி டவுன் பைப் இறங்கும். இரண்டு பாத்ரூம் வீட்டில் சாதாரணமாக நான்கு இணைப்பு. நான்கிலும் மீட்டர் மாட்டினால்தான் கணக்கு நேராக வரும். சமையலறைக்கு மட்டும் மாட்டிவிட்டு ‘மீதியை விகிதாசாரப்படி போட்டுக்கொள்ளலாம்’ என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். இப்போது இருக்கும் சண்டையே ஆப்புக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான்.

அதனால் கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன், உங்கள் பிளம்பரைக் குழாய்கள் இறங்கும் ஷாஃப்டுக்குள் அனுப்பி இணைப்புகளை எண்ணச் சொல்லுங்கள். மீட்டர் மாட்ட இடம் இருக்கிறதா, அதற்கு முன்னால் மூடித் திறக்க வால்வு இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பல கட்டடங்களில் அந்த வால்வு துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். அதை மாற்றும் செலவு கொட்டேஷனில் பெரும்பாலும் இருக்காது; வேலை பாதி நடந்த பிறகு ‘எக்ஸ்ட்ரா’ என்று வரும்.

அடுத்தது, தாய் மீட்டர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாயில் ஒன்று கட்டாயம் வேண்டும். எல்லா வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையையும் அதோடு ஒப்பிட்டால்தான் எங்கே கசிகிறது, எந்த மீட்டர் தவறாக ஓடுகிறது என்பது தெரியும். நல்ல மீட்டருக்கே வழக்கமான ஓட்டத்தில் 2 சதவீதம், மிகக் குறைந்த ஓட்டத்தில் 5 சதவீதம் வரை கூடக்குறைய அனுமதி உண்டு. ஆகவே சிறிய வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். மாதாமாதம் 15 சதவீதம் காணாமல் போனால் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இந்த வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மீட்டர் வந்தால் தண்ணீர் தானாகக் குறைந்துவிடாது. கட்டண முறை மாறினால்தான் குறையும். பொதுச் செலவுக்கு ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் பயன்பாட்டுக்கு ஏற்ற தொகை என்று பிரியுங்கள். நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் சுமார் 16,000 லிட்டர். அதுவரை ஒரு விலை, அதற்கு மேல் ஏறுவிலை என்று வைத்தால் யாரும் அநியாயம் என்று சொல்ல முடியாது. இந்தத் தீர்மானத்தைப் பொதுக்குழுவில் நிறைவேற்றிய பிறகு மீட்டர் வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு அப்புறம் விலை பேச உட்கார்ந்தால், அதிகம் செலவழிக்கும் வீட்டுக்காரர்கள் அந்தத் தீர்மானத்தை நிறைவேறவே விட மாட்டார்கள்.

இன்னொன்று: 2024 கோடைத் தட்டுப்பாட்டில் பெங்களூரு குடிநீர் வாரியம் குழாய்களுக்கு ஏரேட்டர் மாட்டச் சொல்லி உத்தரவு போட்டது. குழாய் வாயில் திருகும் அந்தச் சின்னச் சல்லடை, நீரில் காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும். மீட்டர் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. சிங்க், வாஷ்பேசின் குழாய்களுக்கு முதலில் அதை மாட்டுங்கள். பக்கெட் நிரப்பும் குழாய்க்கு வேண்டாம், நேரம்தான் வீணாகும்.

கேள்வி: எங்கள் வீடு கடைசி மாடியில். மீட்டர் மாட்டினால் ஷவரில் தண்ணீர் வராது என்று பயமாக இருக்கிறது. அல்ட்ராசோனிக் மீட்டர் என்றால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

பதில்: பயம் நியாயமானதே. தொட்டிக்கும் உங்கள் ஷவருக்கும் 3 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார்தான் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). சாதாரண 15 மி.மீ. மீட்டரில் மணிக்கு 2,500 லிட்டர் ஓடும்போது 0.63 பார் வரை அழுத்தம் குறையலாம் என்று தர விதி அனுமதிக்கிறது. வீட்டில் அவ்வளவு ஓடாது. ஷவர் மட்டும் ஓடினால் இழப்பு தெரியவே தெரியாது. ஷவரும் ஃப்ளஷும் ஒரே குழாயில் சேர்ந்து மணிக்கு 1,000 லிட்டர் ஓடினால் சுமார் 0.1 பார் போகும். கீழ் மாடிக்காரருக்கு அது பொருட்டே இல்லை. உங்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கு. கடைசி இரண்டு மாடிகளுக்கு மட்டும் 20 மி.மீ. மீட்டர் கேளுங்கள்.

அல்ட்ராசோனிக் மீட்டர் ஒலி அலையை வைத்து ஓட்டத்தை அளப்பது; அதில் சுழலும் பாகம் இல்லை. போர் தண்ணீரில் வரும் மணல் சல்லடையை அடைப்பதும் சக்கரம் தேய்வதும் அதில் கிடையாது. தொட்டி காலியாகிக் குழாயில் காற்று ஓடும்போது சக்கர மீட்டர் அதையும் தண்ணீராக எண்ணிவிடும், இது எண்ணாது. விலை கூடுதல்தான்.

எதை வாங்கினாலும் முகப்பில் ஆர் (R) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் சிறு ஓட்டத்தையும் மீட்டர் சரியாகப் பிடிக்கும். 15 மி.மீ. அளவில் ஆர் 80 மீட்டர் மணிக்கு சுமார் 31 லிட்டருக்குக் கீழே ஓடுவதை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆர் 250 என்றால் அந்த வரம்பு 10 லிட்டர். ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் மணிக்கு 20 லிட்டர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 480 லிட்டர். இதைப் பிடிக்கத்தானே மீட்டர் வாங்குகிறோம்?

கேள்வி: 12,000 லிட்டர் லாரி என்று பில் போடுகிறார்கள். நிஜமாகவே அவ்வளவு வருகிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள். சம்ப்பின் உள்நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர் என்றால், 12,000 லிட்டர் இறங்கும்போது நீர்மட்டம் சரியாக 1 மீட்டர் உயர வேண்டும். லாரி இறக்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு, மெட்ரோ வாட்டர் வரும் வால்வையும் மூடிவிட்டு, முன்னும் பின்னும் அளந்து செக்யூரிட்டி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 85 செ.மீ.தான் உயர்ந்தது என்றால் 1,800 லிட்டர் குறைவு. ஓட்டுநர் கண் முன்னால் அளந்தாலே அடுத்த லோடு கொஞ்சம் நிறைந்து வரும்!

2019-இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த கோடையில் லாரி கிடைத்தால் போதும் என்றிருந்தது; அப்போது அளவு கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் இந்தப் பழக்கத்தை மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

மீட்டர்தான் வேண்டும் என்றால் வீட்டு மீட்டர் உதவாது. லாரி 20 நிமிடத்தில் காலியாகிறது என்றால் மணிக்கு 36,000 லிட்டர் வேகம். 65 அல்லது 80 மி.மீ. மீட்டர் தேவை. ஹோஸை நேராகச் சம்ப்புக்குள் விடாமல், நிலையான குழாயில் இணைத்து, மீட்டர் இருக்கும் பகுதியை ‘யு’ போலத் தாழ்த்த வேண்டும். குழாய் முழுக்க நீர் நிறைந்து ஓடாவிட்டால் எந்த மீட்டரும் பொய்தான் சொல்லும்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் மீட்டர் மாட்டிய நிறுவனம் இப்போது போனையே எடுப்பதில்லை. ஆப் வேலை செய்யவில்லை. அசோசியேஷன் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மீட்டரைப் போய்ப் பாருங்கள். முகப்பில் எண் ஓடினால், மாதம் ஒருமுறை கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளலாம், பில்லிங் நிற்காது. எண்ணே தெரியாத, ஆப்பில் மட்டும் படிக்கக்கூடிய மீட்டரை வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். லோராவேன் (LoRaWAN) என்ற கம்பியில்லாத் தகவல் முறையில் இயங்குபவை என்றால், ஒவ்வொரு மீட்டருக்கும் உரிய குறியீட்டுச் சாவிகள், அதாவது அதன் தகவலைத் திறந்து படிக்க உதவும் ரகசிய எண்கள், கையில் இருந்தால் வேறு நிறுவனமும் அவற்றை எடுத்து நடத்த முடியும். சாவிகளை ஒப்படைக்க வேண்டும் என்று புதிதாக வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பேட்டரி தீர்ந்தால் அதை மட்டும் மாற்றலாமா, மீட்டரையே மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். ‘பத்து வருடம்’ என்பது ஒரு நாளைக்கு ஒருமுறை தகவல் அனுப்பும் கணக்காக இருக்கலாம். கால் மணிக்கு ஒருமுறை அனுப்பினால் அது நிற்காது.

சந்தா வாங்கிக்கொண்டு சேவை தராதது சேவைக் குறைபாடு. எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், அதைத் தள்ளிப் போடாதீர்கள். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் மனு போடுங்கள். அசோசியேஷன் பெயரில் என்றால் செக்ரட்டரிக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தின் நகலையும் இணையுங்கள்.

கேள்வி: தனி வீடு. தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி வாங்க வேண்டும். வைஃபை உள்ளது வேண்டுமா?

பதில்: வேண்டாம். உப்புத் தண்ணீர் என்றால் நீரில் மூழ்கும் கம்பி சென்சாரும் வேண்டாம், சீக்கிரம் அரித்துவிடும். மிதவை ஸ்விட்ச் வாங்குங்கள். சம்ப் காலியானால் மோட்டார் நிற்கும் வசதி அதில் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.