தேர்வு வரைபடத்தில் வரும் சம உயரக் கோடுகளை எப்படிப் படிப்பது?

கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து வரைவதுதான் சம உயரக் கோடு. தாள் தட்டை, நிலம் அப்படி இல்லை. அந்த மேடுபள்ளத்தைத் தாளுக்குள் கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு வாளிக்குள் கரடுமுரடான கல்லை வைத்து, ஒவ்வொரு விரற்கடை உயரமாக நீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் நீர் தொடும் விளிம்பைக் கல்லில் கோடாகக் குறியுங்கள். அப்புறம் நேர் மேலிருந்து பாருங்கள்: செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும், மென்சரிவில் விலகியிருக்கும். வரைபடத்திலும் இதே கதைதான்.

கோடுகள் ஆங்கில ‘V’ எழுத்துப் போல வளையும் இடத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். கூர்முனை உயரம் கூடும் பக்கம் நோக்கினால் பள்ளத்தாக்கு. பெரும்பாலும் ஓர் ஓடையும் இருக்கும். குறையும் பக்கம் நோக்கினால் மலையின் நீட்சி.

கூடவே புகைப்படம் கொடுத்திருந்தால், பாலம், ஆற்று வளைவு என வரைபடத்திலும் புகைப்படத்திலும் தெரியும் இரு அடையாளங்களைப் பிடியுங்கள். படம் எந்தத் திசையைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும்: வளையமாக மூடிய கோடுகள் என்றாலே குன்று என்று எழுதிவிடாதீர்கள், கோடுகளில் எழுதியிருக்கும் உயர எண்கள் உள்நோக்கிக் குறைந்தால் அது பள்ளம்.