வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்: எதை வாங்குவது, எப்படிப் பூசுவது?

கேள்வி: நாலு வருடக் கார், வெட்டவெளியில்தான் நிற்கிறது. பம்பரின் அடிப்பகுதியும் சக்கரங்களைச் சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக்கும் சாம்பல் பூத்துவிட்டன. கடையில் 150 ரூபாய்க்கும் பாலிஷ் கிடைக்கிறது, 1,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: முதலில் அது வெளுப்புதானா, படிந்த அழுக்கா என்று பாருங்கள். ஓரடி நீளத்துக்கு மட்டும் ஷாம்பூ போட்டு பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அந்த இடம் கறுப்பாகத் திரும்பிவிட்டால் உங்களுக்குப் பாலிஷே தேவையில்லை. வெள்ளையாக வட்டம் வட்டமாக நின்றால் அது போர்வெல் தண்ணீர் விட்ட உப்புக் கறை. சமையல் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து, இரண்டு நிமிடம் ஒற்றி வைத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பெயின்ட்டையும் உலோகத்தையும் அது கெடுக்கும்.

கழுவிக் காய்ந்த பிறகும் சீராகச் சாம்பல் நிறமாகவே இருந்தால், வெயில் பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கிறது. இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மேற்பரப்பைச் சிதைத்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்குகின்றன. அவற்றில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் சாம்பலாகத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றியதும் கறுப்பாகி, காய்ந்ததும் பழையபடி வெளுப்பதற்கும் இதுவே காரணம்: தண்ணீர் அந்த வெடிப்புகளை நிரப்பிவிடுகிறது.

மலிவான எண்ணெய்ப் பாலிஷ் செய்வதும் அதே வேலைதான், தண்ணீருக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய். இரண்டு மூன்று மழை, அவ்வளவுதான். பால்போல வெள்ளையாக இருக்கும் தண்ணீர் சார்ந்த டிரெஸ்ஸிங் (இறுகாமல் மேலே படிந்து நிற்கும் பூச்சு) கொஞ்சம் மேல். பிசுபிசுப்பு குறைவு, பளபளக்காமல் இயல்பான கறுப்பு தரும், சில வாரங்கள் தாங்கும். ஆனால் இரண்டுமே இன்னும் வெளுக்காத பிளாஸ்டிக்குக்குத்தான் ஏற்றவை. உங்கள் கார் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கறுப்பு நிறமி கலந்த டிரிம் ரெஸ்டோரர் (டிரிம் என்பது இந்த வெளிப்புறக் கறுப்பு பிளாஸ்டிக்தான்), அல்லது பூசியபின் இறுகிக்கொள்ளும் டிரிம் கோட்டிங், இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள். ஒழுங்காகப் பூசினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும். சின்ன எஸ்யூவி ஒன்றுக்கு 30 மில்லி போதும், ஆகவே பெரிய பாட்டில் வேண்டாம்.

புட்டியின் முகப்பில் 'செராமிக்', 'நானோ' என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்பக்கம் பாருங்கள். பூசிய பிறகு இத்தனை மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்று அதில் இருந்தால் அது உண்மையிலேயே இறுகும் வகை. 'ஸ்பிரே செய்து துடைக்கவும்' என்பதோடு முடிந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் அது டிரெஸ்ஸிங்தான். பொட்டலப் பொருளில் எம்ஆர்பியோடு ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஒரே வகைப் பொருள்களை ஒப்பிட அந்த எண் கைகொடுக்கும்.

இன்னொன்று. வைப்பருக்குக் கீழே இருக்கும் கவுல், பக்கக் கண்ணாடியின் பிளாஸ்டிக் மூடி போன்ற சிறிய பாகங்கள் வெளுத்து விரிசலும் விட்டிருந்தால், பாலிஷ் வாங்கும் முன் உதிரிபாகக் கடையில் புதிய பாகத்தின் விலையைக் கேளுங்கள். விரிசல் விட்ட பிளாஸ்டிக்கை எந்தக் கோட்டிங்கும் மீட்காது.

கேள்வி: விலை உயர்ந்த ரெஸ்டோரரே வாங்கினேன். முதல் மழையிலேயே திட்டுத்திட்டாகப் போய்விட்டது. கதவில் கறுப்பு ஒழுகல் வேறு. பொருள் போலியா? (தாம்பரம் வாசகி)

பதில்: போலியாகவும் இருக்கலாம். ஆனால் இந்தப் புகாரில் பெரும்பாலும் தவறுவது பூசுவதற்கு முந்தைய வேலை. ஒவ்வொரு வாட்டர் வாஷிலும் கடைக்காரர் அடித்துவிட்ட டயர் பாலிஷ் பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் ஊறிக் கிடக்கும். எண்ணெய்மேல் எதைப் பூசினாலும் பிடிக்காது.

நிழலில், பிளாஸ்டிக் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்கள். ஆல்-பர்ப்பஸ் கிளீனர் ஒரு பங்குக்கு தண்ணீர் பத்துப் பங்கு. அழுக்கு அதிகமென்றால், புட்டியில் அனுமதித்திருந்தால், தண்ணீர் நாலு பங்கு போதும். அடித்து, ஒரு நிமிடம் விட்டு, காய்வதற்குள் மென்மையான நைலான் பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துக் கழுவுங்கள். முதல் சுற்றில் நுரை பழுப்பாக வரும். நுரை வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். மூன்று சுற்று ஆவது சாதாரணம், இங்கே பொறுமை இழந்தால் மற்றதெல்லாம் வீண். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் கூடாது. அது மேலே உள்ள புள்ளி வேலைப்பாட்டையே மழித்துவிடும், பிறகு அந்த இடம் மட்டும் தனியாக மினுங்கும்.

துடைத்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் காயவிடுங்கள். பிளாஸ்டிக்குக்கும் பாடிக்கும் நடுவே தங்கிய தண்ணீர் மெதுவாக இறங்கிவந்து, ஈரமான கோட்டிங்கில் கோடு போடும். உங்கள் கதவில் ஒழுகியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் எதுவும் ஒட்டாமல் வந்தால்தான் பிளாஸ்டிக் தயார்.

பெயின்ட் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சில் நாலைந்து சொட்டு மட்டும் விட்டு, ஒரு பேனலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். புட்டியில் சொன்ன நேரம் கழிந்ததும் மிச்சத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் உறிஞ்சாத மிச்சம்தான் மழையில் ஒழுகுகிறது. தடியாக ஒரு கோட் பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு கோட் மேல். அதன்பின் 24 மணி நேரம் தண்ணீர் காட்டாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடிய இடம் இல்லையென்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

கேள்வி: காருக்கு வேக்ஸ் போட்டபோது கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டு வெள்ளைக் கறையாகிவிட்டது. கழுவினாலும் போகவில்லை. (கோவை வாசகர்)

பதில்: சொரசொரப்பின் பள்ளங்களில் வேக்ஸ் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் முதலில். அதற்கும் அசையாவிட்டால் வெள்ளை அழிரப்பரால் அழுத்தாமல் தேயுங்கள், சின்னக் கறைகளுக்கு ஆச்சரியப்படும்படி வேலை செய்யும். கடைசி வழி, துணியில் லேசாக மினரல் டர்பன்டைன் தொட்டுத் துடைத்து உடனே சோப்பால் கழுவுவது. கறை போகாமல் அதன்மேல் டிரெஸ்ஸிங் அடித்தால் இரண்டு நாள் மறையும், பிறகு மீண்டும் தெரியும்.

கேள்வி: ஹீட் கன் காட்டினால் புதுசுபோல் கறுப்பாகிறது என்று வீடியோவில் பார்த்தேன். செலவே இல்லையே? தேங்காய் எண்ணெயும் போதும் என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: கறுப்பாவது உண்மைதான். சிதைந்த மேல்தோல் உருகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகும். ஹீட் கன் காற்றோ 500 டிகிரிக்கு மேல் போகும். ஒரு நொடி அதிகம் நின்றால் அந்த இடம் வழவழப்பாகி நிரந்தரத் தழும்பாகிவிடும். பம்பரில் பார்க்கிங் சென்சார் இருந்தால் இன்னும் ஆபத்து. வெயிலைத் தடுக்கும் சேர்மானம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருப்பதால் வெளுப்பும் திரும்ப வரும். வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் சில நாள் கறுப்பு காட்டும், தூசியை இழுத்துப் பிடிக்கும். மண்ணெண்ணெய், டீசல் எதுவும் காரில் படவே கூடாது.

கேள்வி: சர்வீஸ் பில்லில் 'எக்ஸ்டீரியர் டிரிம் டிரீட்மென்ட்' என்று நான் கேட்காத ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். என்ன செய்வது? (சேலம் வாசகர்)

பதில்: காரை விடும்போது கையெழுத்திட்ட ஜாப் கார்டை (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) எடுத்துப் பாருங்கள். அதில் அது இல்லையென்றால், பிறகு உங்கள் ஒப்புதலும் வாங்கவில்லையென்றால், பணம் கட்டும் முன்பே நீக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டிவிட்டீர்கள் என்றால் பில், ஜாப் கார்டு இரண்டின் நகலோடு மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தமுறை ஜாப் கார்டிலேயே 'கேட்காமல் கூடுதல் வேலை வேண்டாம்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பம்பரை டிங்கரிங், பெயின்ட்டிங் வேலைக்கு விடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிலிக்கான் பாலிஷ் அடித்திருந்தால் பெயின்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதைச் சுத்தமாக நீக்காமல் பெயின்ட் அடித்தால் மீன்கண்போலக் குழிகுழியாக விழும், மறுபடி தேய்த்து அடிக்கும் செலவு உங்கள் தலையில்தான் வரும்.