மேலே போக இன்னொரு ஏணியும் இருக்கிறது

சமீபத்தில் ஒரு தம்பதி மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மென்பொருள் வேலையில் அவளுக்கு ஐந்தாவது வருடம். கூடச் சேர்ந்த இரண்டு பேர் டீம் லீட் ஆகிவிட்டார்கள், இவளுக்கு இன்னும் புரமோஷன் வரவில்லை. "எம்பிஏ இல்லாமல் மேலே போக முடியாது" என்று சித்தப்பா சொல்லிவிட்டாராம். கல்விக் கடனுக்கு விண்ணப்பமும் தயார்.

புரமோஷன் ஒரு சுற்று தள்ளிப்போவது சகஜம்தான் என்று ஆரம்பித்தேன். அப்புறம் மகளிடம் கேட்டேன்: "ஆட்களை மேய்க்கிற வேலை பிடிக்குமா?" "இல்லை மேடம், கோட் எழுதத்தான் பிடிக்கும்."

அதோடு என் ஆறுதல் முடிந்தது. பிடிக்காத நாற்காலிக்காக இரண்டு வருடச் சம்பளத்தை விட்டு, கட்டணம் கட்டி, வட்டியும் சுமப்பதா? வேண்டவே வேண்டாம். தவணை கட்டப்போவது சித்தப்பா இல்லை. 131 நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றி 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, நன்றாக விற்றவர்களையே மேலாளராக்கும் பழக்கத்தால் நிர்வாகம் கெடுவதைக் காட்டியது. திறமை வேறு, மேய்ப்பது வேறு.

பெற்றோர் கேள்விப்படாதது தொழில்நுட்ப ஏணி. சீனியர், ஸ்டாஃப், பிரின்சிபல் என்று ஆட்களை நிர்வகிக்காமலே ஏறலாம். இந்த ஏணி உள்ள இடங்களில் மேலாளருக்கு இணையான கிரேடும் சம்பள வரம்பும் உண்டு. முதலில் ஹெச்ஆரிடம் கிரேடு விவரத்தை வாங்கிப் படிக்க வேண்டும். புரமோஷன் பெரும்பாலும் அவள் இல்லாத அறையில், பல மேலாளர்கள் பெயர்களை ஒப்பிட்டுப் பேசும்போது முடிவாகிறது. அங்கே அவள் பெயரை ஒரே ஒருவர்தான் அறிவார் என்றால் எடுபடாது. எனவே இரண்டு மூன்று டீம்களைப் படுத்தும் ஒரு சிக்கலை எடுத்து, தீர்வை எழுதி, அந்த டீம்களிடமே கருத்துக் கேட்கட்டும். அடுத்த கிரேடு வேலையைக் கொஞ்ச காலம் செய்து காட்டிய பிறகுதான் பல இடங்களில் அந்தப் பதவி வரும். எது உடைந்தது, எதை மாற்றினாள், எத்தனை மணி நேரம் மிச்சம் என்று வாராவாரம் நான்கு வரி குறிப்பும் வேண்டும். வருடக் கடைசியில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது, மேலாளருக்கு நிச்சயமாக இருக்காது!

"எனக்கு என்ன குறைகிறது?" என்று மதிப்பீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்க வேண்டும். படிவம் வந்தபின் கேட்டால் பட்டியலும் பட்ஜெட்டும் முடிந்திருக்கும்.

இரண்டு சுற்றுகள் கடந்தும் தெளிவான பதில் வராவிட்டால், அந்தக் குறிப்புகளோடு வேறு நிறுவனத்துக்குப் போகட்டும். அப்போதும் கடன் விண்ணப்பம் வேண்டாம்.