செங்காங்கில் வாடகை வீடு: கேட்டதும் சொன்னதும்

சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில் 11 ஆண்டுகளாக வாழ்கிறேன். அதில் 8 ஆண்டுகள் வாடகைக்குத்தான் இருந்தேன். வீடு தேடுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, எனக்கு ராஃபிள்ஸ் பிளேசில் வேலை. மனைவியும் 3 வயது மகளும் அடுத்த மாதம் ஊரிலிருந்து வருகிறார்கள். நகருக்குள்ளேயே வீடு பார்ப்பதா, செங்காங் வரை வரலாமா?

பதில்: தாராளமாக வாருங்கள் தம்பி. செங்காங்கில் ரயில் ஏறினால் ஒன்பதாவது நிலையம் லிட்டில் இந்தியா. அடுத்த நிலையமான தோபி காட்டில் மாறினால், அங்கிருந்து இரண்டாவது நிறுத்தத்தில் உங்கள் அலுவலகம். வார நாளில் காலை 7.45க்கு முன் நிலையத்துக்குள் நுழைந்துவிட்டால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். ஆனால் விளம்பரத்தில் ‘ரயில் நிலையம் அருகில்’ என்று இருந்தால், எம்ஆர்டியா எல்ஆர்டியா என்று கட்டாயம் கேளுங்கள். எம்ஆர்டி நகருக்குப் போகும் பெரிய ரயில்; எல்ஆர்டி பேட்டைக்குள்ளேயே வட்டமடித்து வரும் சிறு ரயில். அதற்குக் காத்திருந்து, ஏறி, இறங்கி, மீண்டும் எம்ஆர்டிக்கு நடக்க வேண்டும். நான் முதல் வீட்டை ஒரு ஞாயிறு பிற்பகலில் பார்த்து முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலைதான் அந்தத் தூரம் புரிந்தது. கையெழுத்திடும் முன் ஒரு வேலைநாள் காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை போய்ப் பாருங்கள்.

கேள்வி: நான்கறை வீடு என்றால் நான்கு படுக்கையறையா?

பதில்: இல்லை. மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். மூவறை வீட்டில் படுக்கையறை இரண்டுதான்.

கேள்வி: நண்பர்கள் 7 பேர் சேர்ந்து ஒரு மூவறை வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை எடுக்கலாமா?

பதில்: முடியாது, 6 பேர்தான் உச்சவரம்பு. நான்கறை, அதற்கும் பெரிய வீடுகளில் 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8 பேர் வரை அனுமதிக்கிறார்கள். தங்கும் ஒவ்வொருவர் பெயரும் பதிவாக வேண்டும்.

கேள்வி: வீட்டுக்காரர் முழு வீட்டையும் தருகிறார், ஓர் அறையை மட்டும் பூட்டி வைத்துக்கொள்வாராம். வாடகை மிகக் குறைவு. எடுக்கலாமா அக்கா?

பதில்: வேண்டாம். வாடகை ஏன் குறைவு என்பதற்கு அந்தப் பூட்டே பதில். வீவக வீட்டில் அறையை மட்டும் வாடகைக்கு விடுபவர் தாமும் அங்கேயே குடியிருக்க வேண்டும். முழு வீட்டையும் விட வேண்டுமானால் பொதுவாக உரிமையாளர் தாமே குடியிருக்க வேண்டிய 5 ஆண்டுக் குறைந்தபட்சக் காலம் முடிந்திருக்க வேண்டும். குடியுரிமை பெறாத நிரந்தரவாசி உரிமையாளருக்கு முழு வீட்டை விட அனுமதி கிடையாது. இந்த விதிகளுக்குள் வராத சிலர் ஓர் அறையைப் பூட்டிவிட்டு ‘நானும் இங்கேதான் இருக்கிறேன்’ என்று காட்டிக்கொள்கிறார்கள். சோதனைக்கு ஆள் வந்தால் அவர்பாடு தனி. பெட்டி படுக்கையோடு வெளியே நிற்பது நீங்கள். எங்கள் தளத்திலேயே பள்ளித் தேர்வு நேரத்தில் ஒரு குடும்பம் அப்படி வீடு மாறியது. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

வீவக கொடுத்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். அதிலுள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். முகவர் இருந்தால், அவருடைய பதிவு எண்ணைச் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். வீவக வீட்டு வாடகையிலோ முன்பணத்திலோ ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட முகவர் கைக்குப் போகக் கூடாது; அதைச் சட்டமே தடுக்கிறது. வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று மூன்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சமையல்தான் காரணமாம். மனம் வெறுத்துவிட்டது.

பதில்: நானும் அதைக் கேட்டிருக்கிறேன் தங்கச்சி. அது தவறு, அதை நியாயப்படுத்த மாட்டேன். இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். முழு வீட்டை வாடகைக்கு விடும்போது, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு என்று வரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் விரும்பினாலும் தர முடியாது. தனி அறைக்கு அந்த வரம்பு இல்லை.

சமையலைப் பற்றி முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். என் இரண்டாவது வீட்டுக்காரர் ஒரு சீனப் பாட்டி. ‘தினமும் தாளிப்போம், வாரம் இருமுறை மீன் குழம்பு’ என்றேன். சற்று யோசித்துவிட்டு, வீட்டைக் காலி செய்யும்போது அடுப்படிச் சுவரைத் துடைத்துத் தர வேண்டும் என்றார். இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். மூன்று ஆண்டுகள் ஒரு சச்சரவும் இல்லை. ‘லேசான சமையல்’ என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அவருக்கு லேசு என்பது நூடுல்ஸ், நமக்கு லேசு என்பது ரசம்.

கேள்வி: முத்திரை வரியை யார் கட்டுவது?

பதில்: வாடகைக்கு இருப்பவர். 4 ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 2,800 வெள்ளி, 2 ஆண்டு என்றால் 268 வெள்ளி. இங்கே கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டிவிடுங்கள். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

கேள்வி: வீட்டைக் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. சுவரில் கறை என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்.

பதில்: குடியேறிய நாளில் எடுத்த படங்கள் இருக்கின்றனவா? எனக்கு அப்படி எதுவும் இல்லாததால் முதல் வீட்டில் ஒரு மாத வாடகையை இழந்தேன். படங்கள், குளிரூட்டி பராமரிப்பு ரசீதுகள், குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகத் திரட்டுங்கள். முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். மசியாவிட்டால் சிறு உரிமைகோரல் மன்றத்துக்குப் போகலாம். 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம், 20,000 வெள்ளி வரையிலான தொகை என்றால் அங்கே விசாரிப்பார்கள். வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே அவர்களுக்கு அனுமதியும் இல்லை.

கேள்வி: அம்மா ஊரிலிருந்து வந்து சில மாதம் இருப்பார். பக்கத்தில் கோவில் உண்டா?

பதில்: ரிவர்வேல் கிரசன்ட்டில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. அந்தப் பக்கமே வீடு பாருங்கள், அம்மா யாரையும் எதிர்பார்க்காமல் நடந்தே போய் வரலாம். வெள்ளிக்கிழமை மாலைகளில் நானும் அங்கே இருப்பேன். அம்மாவை அழைத்து வாருங்கள்.