கடைசி இரவை ஹேவ்லாக்கில் வைக்காதீர்கள்

கேள்வி: அரையாண்டு லீவில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். செலவு கைக்கு அடங்க வேண்டும். ஈரோட்டில் ஒரு ஏஜென்ட் விமானம், ரூம், கப்பல் எல்லாம் சேர்த்து 4 இரவு 5 நாள் பேக்கேஜ் சொல்கிறார். முதல் இரண்டு இரவு போர்ட் பிளேயர், அடுத்த இரண்டு இரவு ஹேவ்லாக் தீவு, கடைசி நாள் காலைக் கப்பலில் திரும்பி மத்தியானம் விமானம். கப்பல் நின்றுபோனால் என்ன செய்வது? கணவர் தபால் துறையில் இருக்கிறார். எல்.டி.சி.க்கும் (அரசு ஊழியருக்கான விடுமுறைப் பயணச் சலுகை) பில் போட்டுத் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். (வாசகி, பெருந்துறை)

பதில்: இதையே ஏஜென்டிடம் கேட்டால் "அதெல்லாம் நிக்காதுங்க" என்றுதான் சொல்வார். நிற்கும். வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரிலும் இருக்கும், அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வலுத்தால் துறைமுகத்தில் எச்சரிக்கை போட்டு அரசுக் கப்பல், தனியார் கப்பல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். கப்பல் கம்பெனி டிக்கெட் காசைத் திருப்பித் தரும். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது, அன்றைய விலையில் நாலு டிக்கெட் புதிதாக எடுக்க வேண்டும், அத்தோடு சிக்கனம் போச்சு.

வழி சுலபம்தான். முதல் இரவு போர்ட் பிளேயர், இரண்டாவதும் மூன்றாவதும் ஹேவ்லாக், நாலாவது மறுபடி போர்ட் பிளேயர். செலவு ஏறக்குறைய அதேதான். நாலாம் நாள் கப்பல் நின்றாலும் ஐந்தாம் நாள் காலையில் இன்னொரு வாய்ப்பு இருக்கும். பெரும்புயல் வந்து மூன்று நாள் நின்றால் அதற்கு யாராலும் வழி சொல்ல முடியாது. நாலாம் நாள் போர்ட் பிளேயர் திரும்பியதும் செல்லுலார் சிறையைப் பாருங்கள். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்ததைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள், அதே கொடுமை அங்கேயும் நடந்தது.

பேர் மாற்றத்தால் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக்கை 2018-ல் ஸ்வராஜ் தீவு என்றும், போர்ட் பிளேயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் மாற்றியிருக்கிறார்கள். டிக்கெட்டில் எது இருந்தாலும் ஊர் ஒன்றுதான்.

இன்னொன்று, டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும், நம்ம ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால். அதனால் ஹேவ்லாக்குக்குக் காலைக் கப்பலே கேளுங்கள். மத்தியானக் கப்பலில் போய் இறங்கி, ரூமில் பெட்டியை வைத்துவிட்டு ராதாநகர் கடற்கரைக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்க வேண்டும். நீல் தீவையும் பாராடாங் தீவையும் இதே ஐந்து நாளில் திணித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாராடாங் என்றால் விடியுமுன் எழுந்து வண்டி வரிசையில் நின்று ஒரு முழு நாளைத் தொலைப்பது. பேக்கேஜ் தாளில் இடங்களின் பட்டியல் நீளுவதற்காகவே அதைச் சேர்ப்பார்கள். "ஸ்நார்க்கலிங் (குழாயில் மூச்சு விட்டபடி கடலுக்குள் பார்ப்பது) இலவசம்" என்பதும் அந்த ரகம்தான், கரையோரமாகச் சில நிமிடம் தலையை முக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஏஜென்ட் சங்கதிக்கு வருவோம். ஈரோட்டில் உட்கார்ந்திருப்பவர் பல நேரம் வெறும் கைமாற்றுபவர். அவர் சென்னைக்காரருக்குக் கொடுப்பார், சென்னைக்காரர் போர்ட் பிளேயர்காரருக்குக் கொடுப்பார், நடுவில் ஒருத்தர் பணத்தை நிறுத்திவிட்டால் ஓட்டல் வாசலில் பிள்ளைகளோடு நிற்பது நீங்கள். தாளில் "அல்லது அதற்கு இணையான ஓட்டல்" என்று இருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். ஓட்டல் பேரை வாங்கி நீங்களே போன் போட்டு உங்கள் பேரில் ரூம் இருக்கிறதா என்று கேளுங்கள். விமானத்துக்கு பி.என்.ஆர். "கிளம்புறதுக்கு முந்தி வரும்" என்றால் அது குரூப் டிக்கெட்டாக இருக்கலாம், உங்கள் பேரில் இன்னும் எதுவும் எடுத்திருக்க மாட்டார்கள், பணம் கட்டாதீர்கள். தனி ஆளின் ஜி-பே நம்பருக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்.டி.சி.யைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். மத்திய அரசு ஊழியர் எல்.டி.சி.யில் விமானத்தில் போனால் டிக்கெட்டை மூன்று இடத்தில்தான் எடுக்கலாம்: பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. மூன்றும் அரசு நிறுவனங்கள். ஈரோட்டு ஏஜென்டின் பேக்கேஜுக்குள் விமான டிக்கெட் இருந்தால் கிளெய்ம் நிற்காது. அவர் "பில் போட்டுத் தர்றேன்" என்பது எடுக்காத டிக்கெட்டுக்கோ, ஏற்றி எழுதிய விலைக்கோ பில். அப்படிப் பில் கொடுத்தவர்கள் மேல் துறை நடவடிக்கை மட்டுமல்ல, சி.பி.ஐ. வழக்கே வந்திருக்கிறது. ஏஜென்ட் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், வேலை போவது உங்கள் வீட்டுக்காரருக்கு. விமானத் தகுதி இல்லாத பதவியில் இருப்பவருக்கும் அந்தமானுக்கு விமானத்தில் போகச் சலுகை உண்டு, ஆனால் அது சென்னையிலிருந்துதான். ஈரோட்டிலிருந்து சென்னை வரை தகுதிக்கேற்ற ரயில். இந்தச் சலுகையைக் காலக்கெடு வைத்து வைத்து நீட்டிக்கிறார்கள், நீங்கள் போகும் தேதிக்கு அமலில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைப்பது போக்குவரத்துக் கட்டணம் மட்டும், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. பேக்கேஜாகவே வேண்டுமென்றால் ஐ.ஆர்.சி.டி.சி.யே நடத்தும் டூர் இருக்கிறது, அதிலும் கட்டணப் பகுதியைத் தனியாகக் காட்டி எழுதி வாங்க வேண்டும்.

ஆக, பேக்கேஜை உடைத்துவிடுங்கள். விமானம் அந்த மூன்று இடத்தில் ஒன்றில். ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவிலேயே விமான நிலையம் போகலாம். ரயில் தாமதமாகும், அதனால் பத்து மணிக்குப் பிந்திய விமானமாகப் பாருங்கள். ரூமை நேரடியாகப் பிடிக்கலாம். ஹேவ்லாக்கில் கோவிந்த்நகர், விஜய்நகர் பக்கம் சுமாரான வாடகைக்குக் கிடைக்கும், ராதாநகருக்கு அரசுப் பேருந்தே ஓடுகிறது. போர்ட் பிளேயரில் தமிழர் நிறைய, பாஷைக் கவலை வேண்டாம்.

கப்பலில் மட்டும் சிக்கனம் பார்க்காமல் தனியார் கப்பலே எடுங்கள். அரசுக் கப்பல் ரொம்ப மலிவுதான், ஆனால் கிளம்பச் சில நாள் இருக்கும்போதுதான் டிக்கெட் விடுவார்கள், அதிலும் தீவுக்காரர்களுக்கு முன்னுரிமை. அது நியாயம், அவர்களுக்கு அதுதான் பஸ். கன்னியாகுமரி ரயிலுக்கு 60 நாள் முன்னால் டிக்கெட் எடுக்க முடிகிறது, சுற்றுலாவுக்கு வாங்க வாங்க என்று விளம்பரம் செய்யும் அரசால் ஒரு கப்பலுக்கு அதைச் செய்ய முடியவில்லை, என்னத்தைச் சொல்ல.

பிள்ளைகள் பவளத்துண்டு, சங்கு பொறுக்கினால் அங்கேயே போடச் சொல்லுங்கள். செத்த பவளமானாலும் எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலைய ஸ்கேனில் மாட்டும்.

ஆண்டுக் கடைசி வாரம்தான் அங்கே எல்லாமே விலை அதிகம். லீவு தொடங்கும் முதல் நாளே கிளம்பி புத்தாண்டு நெருங்குமுன் திரும்ப முடியுமா என்று காலண்டரைப் பாருங்கள் அம்மணி. அதற்கு முன் கணவரை அலுவலகத்தில் எல்.டி.சி. கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். அது போகாமல் ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் வேண்டாம்.